விமானி சம்மதித்தால்

கரகரவென்று ஒரு சத்தம். மாடிப்படி ஏறும்போதே ஜெயசிங்குக்குக் கேட்டது, வலது காதில் மட்டும். இடது காது சளியில் அடைத்துக் கிடந்தது.

கதவு திறந்தே இருந்தது. சமையலறைத் தரையில் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஓரத்தில் ஏறும் மாவைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார் கேப்டன் தில்லைநாயகி.

விமானிகள் சங்கத்தின் சார்பில் நிர்வாகத்தோடு பேசுகிறவர் அவர். ஜெயசிங் துணை விமானி, அந்தப் பேச்சுவார்த்தைக் குழுவில் ஒருவர். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், வயதில் மூத்தவர். ஆனாலும் பேச்சுவார்த்தை மேசையில் எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதைத் தில்லைநாயகியிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. முகம் பளபளன்னு இருக்கு?"

"முடிஞ்சுது கேப்டன்." கொண்டுவந்த நேந்திரங்காய் சிப்ஸை மேடைமேல் வைத்தார்.

புதிய ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பிரிவுதான் இழுத்துக்கொண்டிருந்தது. தேவைப்பட்டால் விமானியின் ஓய்வைக் குறைத்து வேலை நேரத்தை நீட்டிக்கலாம் என்று நிர்வாகம் எழுதியிருந்தது. இன்று ஜெயசிங் தனியாகப் போய் உட்கார்ந்து, 'விமானி சம்மதித்தால்' என்று அதில் சேர்க்கவைத்துவிட்டார். நாளைக் காலை கையெழுத்து.

"இனி நாம முடியாதுன்னு சொன்னா முடியாதுதான். கடிவாளம் இப்ப நம்ம கையில. கையெழுத்துப் போட்டுடலாமா?"

தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிப் போயிற்று. விமான நிலையத்தை ஒட்டிய பம்மலில் அது போகும்வரை யாரும் பேசுவதில்லை. இருவரும் பழக்கத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"காதுக்கு என்ன?" என்றார் தில்லைநாயகி.

"சளி. இந்த வாரம் பறக்கவே கூடாதுன்னுட்டார் டாக்டர். மேல போனா ஜவ்வு கிழிஞ்சிடுமாம். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல."

"கசாயம்?"

"வீட்டுல வெச்சுக் கொடுத்தா. அதுக்குச் சளியே தேவலை."

தில்லைநாயகி சிரித்தார். பிறகு சுவிட்சை அணைத்தார். வீடு சட்டென்று அமைதியானது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். விமானத்துக்குள் பேசும் குரல் வந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் கோவை. சீட்டெல்லாம் நிறைஞ்சிருக்கு, எனக்குத் துணை விமானி இல்லை. வர்றீங்களா? ஃபிட்?"

பறப்பதற்கு முன்பு, உடம்பு பறக்கத் தயாரா என்று தலைமை விமானி கேட்கும் ஒற்றைச் சொல் அது. பதிலும் ஒற்றைச் சொல்தான்.

ஜெயசிங்கின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஃபிட், கேப்டன்."

சொன்ன பிறகுதான் அவர் கை மெல்ல இடது காதுக்குப் போயிற்று.

"எந்தக் காதால கேட்டீங்கண்ணே?"

ஜெயசிங் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

"நீங்க கேட்டதாலதான் கேப்டன்... வேற யாராவதா இருந்தா..."

"மத்த கேப்டன்களும் இப்படிக் கேட்கத்தானே போறாங்க."

ஜெயசிங் மேடையில் சாய்ந்துகொண்டார். "இத்தனை வருஷத்துல உங்ககிட்ட யாராவது இல்லைன்னு சொல்லியிருக்காங்களா?" என்றார்.

"இல்ல. நானும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"நாளைக்கு எல்லாரும் பேனாவோட வந்து நிப்பாங்க. மறுபடியும் முதல்லேருந்து பேசணுமா?"

"பேசுவோம். உட்கார்ந்துதானே பேசப்போறோம்." தில்லைநாயகி ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லா மொறுமொறுன்னு இருக்கு."

"அப்ப அந்த இடத்துல என்னன்னுதான் எழுதறது கேப்டன்?"

"ஓய்வைக் குறைக்கவே கூடாதுன்னு. யாரும் யாரையும் கேட்கவே வேண்டாத மாதிரி எழுதுங்க."

ஜெயசிங் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டார். கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்து, ஓரத்து மாவை உள்ளே தள்ளத் தொடங்கினார்.