தலைவரின் எடையும் கேரட் மூட்டையும்

குன்னூர் மலை சைக்கிள் சங்கத் தலைவர் ஞானசம்பந்தத்துக்கு எதிலும் உயர்ந்த ரகம்தான் ஆகும். அவருடைய புது சைக்கிளின் முன்பக்கத்தில், காற்றடைத்து அதிர்வைத் தாங்கும் ஃபோர்க்கின் விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். அந்த ஃபோர்க் பள்ளத்தில் இறங்கியதும் அடிவரை அமுங்கிவிடுகிறது என்று சங்கத்தாரைத் திரட்டிக்கொண்டு, சைக்கிள் வாங்கிய கடைக்கு வந்துவிட்டார்.

"இதுக்குக் காத்தடிச்சது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் மெக்கானிக் பவுலின். "ஓட்டுறவங்க எடைக்குத் தக்கபடிதான் அடிப்போம். நீங்க அறுபத்தெட்டுக் கிலோன்னு சொன்னீங்க."

"அறுபத்தெட்டேதான். ஃபோர்க்கைப் பிரிக்காம, கோளாறு எங்கேன்னு இப்பவே காட்டு. இல்லேன்னா வேற வேலை பாத்துக்க."

சங்கம் பத்து சைக்கிள் வாங்கவிருந்ததால் முதலாளியும் தலையாட்டினார்.

பவுலின் தலைவரை ஏறி உட்காரச் சொன்னாள். எவ்வளவு அமுங்கியது என்று காட்டும் ரப்பர் வளையம் ஃபோர்க்கில் மூன்று விரல் மேலே போய் நின்றது. அடுத்து ஒல்லிச் செயலாளரைப் பக்கத்துக் காய்கறி மண்டித் தராசில் நிறுத்தினாள். அறுபத்தெட்டு. அவர் உட்கார்ந்தபோது வளையம் இரண்டு விரலில் நின்றது. இருக்கவேண்டிய இடமும் அதுதான். பிறகு மண்டியிலிருந்து இருபத்தைந்து கிலோ கேரட் மூட்டையை வாங்கி அவர் முதுகில் ஏற்றினாள். வளையம் மூன்று விரலுக்குப் போனது.

"ஃபோர்க்ல குறையில்ல சார். நீங்க அறுபத்தெட்டுதான். ஏறுறப்ப மட்டும் மூட்டையை இறக்கி வச்சிட்டு ஏறுங்க."

சங்கத்தார் கூரையைப் பார்த்தார்கள். தலைவர் அவள் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"மூட்டையையும் சேர்த்தே காத்தடிச்சுடும்மா."