மழைச் சங்கிலியின் கிண்ணங்கள்

கோத்தகிரிக் கடைவீதியில் இருந்த ஒரு பாத்திரக் கடையின் வாசலில் ஒரு மழைச் சங்கிலி வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கூரைத் தண்ணீர் இறங்குவதற்கு மூலையில் குழாய் வைப்போம் அல்லவா, அந்தக் குழாய்க்குப் பதிலாக அழகுக்கு மாட்டுகிற சங்கிலி. பூவாக விரிந்த செம்புக் கிண்ணங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. வருகிறவர்கள் எல்லாரும் ஆசையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிடுவார்கள்.

அதுகூடச் சங்கிலிக்குப் பெரிய வருத்தமில்லை. ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் ஓர் ஓட்டை இருந்தது. அதுதான் அதன் தீராத மனக்குறை.

“எனக்கென்று எதையுமே வைத்துக்கொள்ள முடியாதா?” என்று கீழே இருந்த பித்தளைக் குடத்திடம் கேட்டது.

குடத்துக்குக் கொஞ்சம் தலைக்கனம். “வைத்துக்கொள்ள வயிறு வேண்டும் தம்பி. உனக்கு வாய் மட்டும்தானே இருக்கிறது!”

இட்லித் தட்டு பரிந்துகொண்டு வந்தது. “எனக்கும்தான் உடம்பெல்லாம் ஓட்டை. நான் என்ன அழுதுகொண்டா இருக்கிறேன்? ஓட்டை இல்லாவிட்டால் ஆவி எப்படி ஏறும், இட்லி எப்படி வேகும்?”

“உன்மேல் இட்லியாவது உட்காரும்,” என்றது சங்கிலி.

ஒருநாள் வனஜாவும் அவள் கணவர் ஞானசேகரும் ஐந்து வயதுக் குழந்தை ஆதிரையைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். வீட்டுக் கூரையின் பிளாஸ்டிக் குழாய் உடைந்துபோயிருந்தது. கடைக்காரர் விதவிதமான மழைச் சங்கிலிகளை எடுத்துப் போட்டார்.

“மணி வெச்சது ஜோரா இருக்கே,” என்றார் ஞானசேகர்.

“காத்தடிச்சா கிணுகிணுன்னு உயிரை வாங்கும். வெறும் வளையம் கோத்தது போதுங்க,” என்றாள் வனஜா.

ஆதிரை அண்ணாந்து செம்புக் கிண்ணங்களையே பார்த்தாள். “பெரியம்மா, மழை வந்தா இதுல தண்ணி இருக்குமா?”

“இருக்கும்டா கண்ணு.” வனஜா கிண்ணத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. குழந்தை கேட்டதற்கு இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. கிண்ணச் சங்கிலி வீட்டுக்கு வந்தது.

ஞானசேகர் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒழுகுவதை நிறுத்துவதே அவர் பிழைப்பு. எங்கே ஓட்டையைக் கண்டாலும் அவர் கை சும்மா இருக்காது. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தவர், “அடப்பாவி, ஓட்டைச் சாமானைத் தலையில கட்டிட்டானே!” என்று கடைக்காரரைத் திட்டினார். பிறகு பசையைப் பிசைந்து ஒவ்வோர் ஓட்டையாக அடைத்து, சமையலறைச் சன்னலுக்குப் பக்கத்தில், கூரை ஓரத்துத் தகர வாய்க்காலின் முனையில் மாட்டிவிட்டார்.

சங்கிலிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தூறலிலேயே எல்லாக் கிண்ணங்களிலும் தண்ணீர் நின்றது.

“பார்த்தாயா, எல்லாம் என்னுடையது!” என்று தகர வாய்க்காலிடம் பெருமையடித்துக்கொண்டது.

“பெருமழை வரட்டும், அப்புறம் பேசு,” என்றது வாய்க்கால். அது எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற ஆசாமி.

ஆதிரை தினமும் வந்து கீழ்க் கிண்ணத்துக்குள் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். இதற்குமேல் என்ன வேண்டும் என்று சங்கிலி பூரித்துப்போனது.

சன்னலருகே தொங்கியதால் வீட்டுச் சங்கதியெல்லாம் அதன் காதில் விழுந்தது. ஆதிரை வனஜாவின் தங்கை கிரிஜா பெற்ற பிள்ளை. கிரிஜாவும் அவள் கணவரும் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது, கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது அங்கே வீடு பார்த்தாகிவிட்டது. குழந்தையைக் கூட்டிப்போகத் துடித்துக்கொண்டிருந்தாள் கிரிஜா. பிள்ளையில்லாத வனஜாவோ நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். ஒரு தடவை சளி என்றாள். இன்னொரு தடவை, பள்ளிக்கூடம் முடியட்டும் என்றாள்.

அன்றும் போன் வந்தது. சமையல் வேலையாக இருந்த வனஜா அதை ஸ்பீக்கரில் போட்டாள். “அக்கா, ஒரே ஒரு தடவை அவளைப் பேசச் சொல்லேன்.”

“தூங்குறாடி,” என்றாள் வனஜா.

சங்கிலி திடுக்கிட்டது. ஆதிரை சன்னலுக்கு வெளியே, அதன் கீழேதான் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் குரலைக் கேட்டு ஓர் அடி முன்னால் வந்தவள், பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“பெரியம்மா, இதுல புழு நெளியுது!”

முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். மறுநாள் அவள் வரவில்லை. சங்கிலி முதல்முறையாகத் தன் கிண்ணங்களைத் தானே முகர்ந்து பார்த்தது. அழுகல் நாற்றம் அடித்தது.

அன்று மாலையே பெருமழை வந்தது.

“விடு, கீழே விடு! என் கழுத்து ஒடிகிறது!” என்று வாய்க்கால் கதறியது.

“விடத்தான் நினைக்கிறேன். வழி அடைத்துக் கிடக்கிறதே!” என்று சங்கிலியும் அழுதது.

கிண்ணங்கள் பொங்கி வழிந்து சுவரை நனைத்தன. சமையலறைச் சுவர் ஊறிப்போனது. வாய்க்காலின் கொக்கி வளைந்து, சங்கிலி கழன்று சேற்றில் விழுந்தது.

மழை விட்டதும் வனஜா அதைக் கையில் எடுத்தாள். “கடையில திருப்பிக் குடுத்துடுங்க இந்தச் சனியனை,” என்றவள் கிண்ணத்தின் அடியைத் தடவிப் பார்த்தாள். “இதை யாரு அடைச்சது?”

“ஓட்டையா இருந்துச்சே வனஜா. தண்ணி இருக்கும்னு நீதானே குழந்தைகிட்ட சொன்னே?” என்று தலையைச் சொறிந்தார் ஞானசேகர்.

“அது தண்ணி இறங்குற வழிங்க!”

அவள் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பசையைக் குத்திப் பெயர்த்தாள். சங்கிலிக்கு வலித்தது. ஆனாலும் ஒவ்வொரு கிண்ணமும் திறக்கத் திறக்க, மூச்சு வந்தது. கடைசிக் கிண்ணத்தில் வனஜாவின் கை நின்றுவிட்டது.

“வானத்துல இருந்து வந்த நல்ல தண்ணி,” என்றாள் மெல்ல. “புடிச்சு வெச்சுக் கெடுத்துட்டோம்.”

ஞானசேகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் அவர் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“கிரிஜா, ஆதிரை முழிச்சுட்டுதான் இருக்கா. இந்தா, பேசு. டிக்கெட்டையும் போட்டுடு.”

ஞானசேகர் கொக்கியை நிமிர்த்திச் சங்கிலியை மறுபடி மாட்டினார். தீபாவளி லீவில் கிரிஜா வந்தாள். ஆதிரை பெரியம்மா, பெரியப்பா இரண்டு பேர் கழுத்தையும் மாறி மாறிக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, கார் ஏறிப் போனாள். வீடு வெறிச்சோடிப்போனது. வனஜா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மழை ஒரு மத்தியானம் வந்தது. தண்ணீர் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்குத் தாவி, சலசலவென்று சிரித்துக்கொண்டு இறங்கி, கீழே இருந்த தொட்டியில் சேர்ந்தது. சங்கிலி இப்படி ஒரு சத்தத்தைத் தன் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

“ஒரு சொட்டாவது மிச்சம் வைத்துக்கொண்டாயா?” என்று கேட்டது வாய்க்கால். அதன் குரலில் கேலி இல்லை.

“இல்லை,” என்றது சங்கிலி. “வருகிற தண்ணீருக்கு இடம் வேண்டாமா?”

உள்ளே போன் அடித்தது. வனஜா பாய்ந்து எடுத்தாள்.

“பெரியம்மா, இங்க மழையே பெய்ய மாட்டேங்குது. அங்க பெய்யுதா?”

“பெய்யுதுடா கண்ணு! இரு இரு.”

வனஜா சன்னலைத் திறந்து, கை நனைய நனைய, போனைச் சங்கிலிக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள்.

கடல் தாண்டி ஒரு கூச்சல் கேட்டது.

“அம்மா, ஓடி வா! மழை இங்க வந்துடுச்சு!”