மூடாத விசிறி

கடலுக்கு அந்தாண்ட பிலிப்பைன்ஸ்னு ஒரு நாடு, அதுல ஒரு தீவு, அந்தத் தீவுல மாயுமி மாயுமின்னு ஒரு பொண்ணு இருந்தாளாம். அந்த ஊர்ல பொண்ணு கேட்டு வந்தா, சபையில பொண்ணு வாயைத் திறக்கக் கூடாது, விசிறிதான் பதில் சொல்லும். விரிச்ச விசிறி வலக் கன்னத்துல பட்டா சம்மதம், இடக் கன்னத்துல பட்டா மாட்டேன். ஆனா விசிறியைப் பட்டுனு மூடுனாத்தான் பதில் செல்லும். மூடிட்டா ராஜாவே வந்தாலும் மாத்த முடியாது. என்னடா சிரிக்கிறே? உன் வாய்க்கு அது எவ்வளவோ மேல்.

மாயுமிக்கு இஸ்கோங்கற மீன்காரப் பையன் மேல உசுரு. ஊர்த்தலைவன் கார்யோவுக்கு மாயுமி மேல கண்ணு. அந்தப் படுபாவி என்ன பண்ணான், ஆளுங்களை விட்டு இஸ்கோவைப் பிடிச்சு, கடலுக்குள்ள மணல்திட்டுல ஒரு கட்டையில கட்டிப் போட்டுட்டு, சபையைக் கூட்டி, மாயுமி காதுக்கிட்ட வந்து குனிஞ்சான்.

"கடல் ஏறுது புள்ளே. நீ சம்மதம்னு விசிறியை மூடுனா அவனை அவுத்து விடுவேன். வாயைத் திறந்தியோ, வாசல்ல நிக்கிற என் ஆளு ஓடிப் போய் அவன் கதையை முடிச்சிருவான்."

ஐயோன்னு இருந்துச்சு அவளுக்கு. விசிறியை விரிச்சு வீசுனா. பாதி மடக்குனா, நெஞ்சுல வச்சா, நுனியைக் கடல் பக்கம் நீட்டுனா.

"வேர்க்குதா கண்ணு?"ன்னு கார்யோ சிரிச்சான்.

முட்டாப்பய! ஆம்பளைங்களுக்கு வலது இடதுதான் தெரியும். பொம்பளைங்க விசிறியில ஊர்க்கதையே பேசுவாங்க. ஆபத்து, என் ஆளு, அங்கே கடல்லன்னு அவ சொன்னது பின்னால இருந்த மீன்காரி பெபாங்குக்கு அப்படியே புரிஞ்சுது. புள்ள அழுவுதுன்னு ஒருத்தி எந்திரிச்சா, அடுப்புல சோறுன்னு ஒருத்தி எந்திரிச்சா, பெபாங் எந்திரிச்சு நேராப் படகுக்குப் போனா.

மாயுமி விசிறியை வலக் கன்னத்துல வச்சா. ஆனா மூடலை.

"மூடு"ன்னான் கார்யோ. அவ மூடலை.

"தண்ணி அவன் இடுப்புக்கு வந்திருக்கும், மூடு." அவ மூடலை. கண்ணுல தண்ணி கொட்டுது, வாசலையே பாக்குறா, யாரும் வரலை.

"கழுத்துக்கு வந்திருக்கும். உன்னாலதான்டி சாகப் போறான், மூடு!"

அவளால தாங்க முடியலை. அவன் பொழைச்சாப் போதும்னு விரலை மடக்குனா. ஒரு மடிப்பு மடங்கிடுச்சு, ரெண்டு மடிப்பு மடங்கிடுச்சு...

மூச்சு விடுடா, சொல்றேன்.

அப்பத்தான் வாசல்ல சத்தம். காவல் நின்னவனைத் தள்ளிக்கிட்டு பெபாங் வர்றா, அவ தோள்ல சாஞ்சுக்கிட்டு, தண்ணி சொட்டச் சொட்ட இஸ்கோ வர்றான். மாயுமி விசிறியைத் திரும்ப முழுசா விரிச்சா, இடக் கன்னத்துல வச்சா, பட்டுனு மூடுனா!

அந்தச் சத்தம் சபைக்கே கேட்டுச்சு. "இந்தப் புள்ள வெயிலுக்கு விசிறுது, இதெல்லாம் ஒரு பதிலா!"ன்னு கார்யோ கத்துனான். உடனே பெபாங் தன் ஓலை விசிறியை எடுத்து இடக் கன்னத்துல வச்சா. அடுத்தவ வச்சா. அவ அடுத்தவளும் வச்சா. கடைசியில கார்யோவைப் பெத்தவளும் வச்சா.

அன்னையிலேர்ந்து அந்த ஊர்ல அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லை, ஒதுங்க ஒரு நிழலில்லை. தானே படகேறிப் போயிட்டான்.

வாயைக் கட்டுனா பொம்பளை ஊமையாயிருவான்னு நெனைச்சவன் வெயில்ல வேர்த்துக் கெடக்கான், நமக்குக் காத்து வருது. தூங்குங்க.