இசக்கியம்மாளின் ஒரே கேள்வி

மந்திர தியானம் சொல்லிக்கொடுத்த சிதம்பரானந்த சாமிக்குத் தினமும் வயிறு எரிந்தது. எதிர்வீட்டில் மூச்சைக் கவனிக்கும் தியானம் சொல்லிக்கொடுத்த அருமைநாதன் வாத்தியாருக்குத்தான் கூட்டம். அங்கே ஒரு கார் வந்து நின்றால் போதும், குழம்பில் உப்பில்லை என்று சாமி தன் சமையற்காரி இசக்கியம்மாள்மேல் பாய்வார்.

ஒருநாள் சீடர்கள் முன்னால் அவளைக் கூப்பிட்டார்.

"எந்தத் தியானம் உசத்தின்னு சொல்லுடி. மூச்சுன்னு சொன்னா வேலை போச்சு. மந்திரம்னா இங்கேயே நிரூபிக்கணும், இல்லேன்னாலும் போச்சு!"

அந்த வேலையை நம்பி அவள் வீட்டில் நாலு வயிறு. கோபத்தை விழுங்கிக்கொண்டு, "வாத்தியாரையும் கூப்பிடுங்க சாமி. ரெண்டு பேரும் இந்த வாசல்ல ஒரு மணி நேரம் தியானம் பண்ணுங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேக்கேன்" என்றாள்.

வாத்தியாரும் வந்தார். இருவரும் அருகருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தார்கள்.

"எதிர்வீட்டு வாசல்ல இப்போ எத்தனை ஜோடி செருப்பு கெடக்கு?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"நான் பாக்கலியேம்மா" என்றார் வாத்தியார்.

"நாப்பத்திரண்டு! நேத்தைவிட ஆறு கூட!" என்று பொரிந்தார் சாமி.

சீடர்கள் குபீரென்று சிரித்தார்கள்.

"மந்திரத்துமேல குத்தமில்ல சாமி. எது உசத்தின்னு பாக்க ரெண்டு பேரும் தியானம் பண்ணியிருக்கணும். இன்னைக்கு ஒருத்தர்தான் பண்ணியிருக்காரு" என்று சொல்லிவிட்டு இசக்கியம்மாள் அடுப்படிக்குப் போனாள்.