கோதண்டபாணி சுட்ட தேங்காய் எலுமிச்சை பார்

கோதண்டபாணி பொய் சொல்கிறவர் இல்லை. உண்மை மெலிந்து கிடந்தால் அதற்கு நாலு வாய் சோறு ஊட்டி அனுப்புவார், அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷம் மாயவரத்திலிருந்து வேதாரண்யம் போகிற பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட்டோடு ஒரு கதையும் கிழித்துக் கொடுத்துப் பழகிய கை.

அன்று ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாளாக மழை விடவில்லை. சமையல் மேடையில் அவருடைய ஓவன் உட்கார்ந்திருந்தது. அந்த இடம் அவர் மனைவி செண்பகவல்லியின் கிரைண்டருக்குச் சொந்தம். கிரைண்டரோ இரண்டு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் தவம் கிடந்தது. ஆகவே காலையிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

"இன்னிக்கு நீங்க பண்ற பண்டத்துல ஒரு துண்டு மிஞ்சினாலும் ஓவன் என் தம்பி வீட்டுக்குப் போயிடும். தட்டு காலியாச்சுன்னா இங்கேயே இருக்கட்டும்."

அந்தத் தம்பி மாசிலாமணி, ஓவனைக் கட்டித் தூக்கிப்போகக் கயிற்றோடேயே சாப்பிட வந்துவிட்டான். மகள் கனகாவும் வந்திருந்தாள். நாலு இலை போட்டாயிற்று. ஆனால் முருகன் படத்துக்கு ஒரு துண்டு இனிப்பு வைத்து, பிறகு இலையிலும் இனிப்பு வைத்த பின்புதான் அந்த வீட்டில் சோறு. அதற்கு முன்னால் சமைத்தவர் நாக்கில்கூட அது படக் கூடாது.

இனிப்போ தட்டில் சூடு ஆறாமல் கிடந்தது.

"என்ன அத்தான் இது?" என்றான் மாசிலாமணி.

"தேங்காய் எலுமிச்சை பார். கீழ மாவு, நடுவுல எலுமிச்சை, மேல தேங்காய்ப்பூ. ஒரு மணி நேரம் ஆறணும். இப்ப கத்தி வெச்சா கூழாயிடும்."

"பார்னு பேரு வெச்சது அதுக்குத்தானா? பார்த்துக்கிட்டே இருக்கணுமா?"

கனகா சிரித்தாள். கோதண்டபாணிக்குச் சிரிப்பு வரவில்லை. பசித்த மூன்று பேரை ஒரு மணி நேரம் கையைக் கட்டி உட்காரவைக்க வேண்டும். அதற்கு அவரிடம் இருந்தது ஒரே சாமான். தொண்டையைச் செருமினார்.

"இந்த எலுமிச்சை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா மச்சான்? வேதாரண்யம் ரோட்டுல ஒரு மரம். அந்த மரத்தைத் தாண்டும்போது பஸ்ஸுல இருக்குற அத்தனை பேருக்கும் புளிப்பு தாங்காம ஒரு கண்ணு தானா மூடிக்கும். மொத நாள் எனக்கு விஷயம் தெரியாது. நாப்பது பேரும் என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அதுல பொம்பளைங்க எத்தனை பேர்?" என்றாள் செண்பகவல்லி.

"பஸ்ஸே கண்ணடிச்சுதுடி. ஒரு ஹெட்லைட்டு அணைஞ்சுபோச்சு. டிப்போவுல கேட்டுப் பாரு."

"சரி, தேங்காய்?" என்றாள் கனகா. "அது நம்ம கொல்லையில காச்சதுதானே?"

"நம்ம கொல்லையா? அது கோடியக்கரைத் தேங்காய்ம்மா. மரம் அவ்வளவு ஒசரம். கல்யாணம் ஆகாதவனாப் பாத்து ஏத்திவிட்டோம். எறங்கும்போது அவனைக் கூட்டிட்டுப் போகப் பேத்தி வந்திருந்தா."

"மரத்து மேலயே கல்யாணமா அத்தான்?"

"பொண்ணு வீட்டுக்காரங்க பக்கத்து மட்டையில இருந்தாங்க, குறுக்க பேசாத. திங்கக்கெழம காலையில காயை வெட்டிவிட்டான். நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, தூங்கி, துணி மாத்திக்கிட்டுப் புதன்கெழம போனேன். அப்பதான் கீழ வந்து விழுது. ஒடைச்சதும் வந்த தண்ணியில ஊர்க்காரங்க நாலு நாள் பரிசல் விட்டாங்க. பாதி ஓட்டைக் கவுத்து மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போட்டாச்சு."

"மீதி ஓடு?"

"அதுலதான் மாடு தண்ணி குடிக்குது."

சுவர்க் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். இன்னும் பத்து நிமிஷம். மாசிலாமணியின் விரல் தட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. குரலை உயர்த்தினார்.

"போன வாரம் இதே பாரை வெள்ளோட்டம் பாத்தேனே! ஓவன் கதவைத் தொறந்தேன் பாரு, ஸ்டேஷனைத் தாண்டிப் போயிட்டிருந்த பாசஞ்சர் வண்டி மோப்பம் புடிச்சுத் தானா பின்னால வந்துடுச்சு. டிரைவர் தட்டோட எறங்கி நிக்கிறாரு."

"அவருக்குக் குடுத்தீங்களாப்பா?"

"எப்படிம்மா குடுக்கிறது? அவருக்கு முன்னால எஞ்சின் வரிசையில நிக்குதே!"

மணி அடித்தது. படத்துக்கு ஒரு துண்டு வைத்தார். இலைக்கு ஒரு துண்டாகப் பரிமாறினார். நாலு பேரும் ஒன்றாகக் கடித்தார்கள்.

நாலு பேருக்கும் ஒரு கண் மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா!" என்று துள்ளினார், தன் கண்ணைத் திறக்க முடியாமலே. "இப்ப சொல்லுங்க, அந்த மரம் பொய்யா?"

செண்பகவல்லி மெதுவாக விழுங்கினாள். "எலுமிச்சையோட வேற என்ன போட்டீங்க?"

"வாசனை பத்தலைன்னு அலமாரியில மூணாவது ஜாடியில இருந்த ஆரஞ்சுத் தோலை மொத்தமா நறுக்கிப் போட்டேன். சர்க்கரைப் பாகுல ஊறி, மேல வெள்ளையாப் பூத்திருந்துச்சே?"

"அது உப்பு. அது நாரத்தங்காய். ஒரு வருஷத்துக்குப் போட்டு வெச்சது."

மாசிலாமணி கயிற்றை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான். கோதண்டபாணி ஓவனைப் பார்த்தார். வாய் வரைக்கும் வந்த கதை ஒன்று திரும்பிப் போய்விட்டது.

பசி பொறுக்காமல் கனகா தயிர்சாதத்தைப் பிசைந்தாள். தொட்டுக்கொள்ள ஜாடியில் ஊறுகாயும் இல்லை. பாரிலேயே ஒரு ஓரத்தைக் கிள்ளிக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மென்றாள். அப்புறம் இன்னொரு ஓரம்.

"அம்மா, இதைச் சோத்தோட தின்னு பாரு."

செண்பகவல்லி தின்று பார்த்தாள். தம்பியின் இலையிலும் தயிர்சாதம் விழுந்தது. உறிஞ்சுகிற சத்தமும் மழைச் சத்தமும்தான். இரண்டாம் தடவை சோறு வந்தது. தட்டிலிருந்த கடைசித் துண்டை மாசிலாமணி எடுத்து வாயில் போட்டு, கையையும் நக்கிவிட்டான். அதன் பிறகுதான் அவனுக்கு மடியிலிருந்த கயிறு ஞாபகம் வந்தது.

தட்டு காலி.

"சொன்னா சொன்னதுதான். ஓவன் இருக்கட்டும்," என்றாள் செண்பகவல்லி. "ஆனா நாளைக்குப் புது நாரத்தங்காய் நறுக்கி உப்புப் போட்டுத் தருவேன். காயவெக்க வெயில் இல்லை. ஓவன்ல வெச்சு நீங்கதான் காயவெச்சுக் குடுக்கணும். ஜாடி நெறையுற வரைக்கும் அதுல வேற எதுவும் வேகக் கூடாது."

கோதண்டபாணிக்குப் போன உயிர் வந்தது. கூடவே திரும்பிப் போன கதையும் வந்தது. நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ஆறு நாளா ஏன் வெயில் இல்லைன்னு நெனச்ச? இந்த ஓவனோட சூட்டை எட்டிப் பாத்துட்டு, இனிமே இந்தத் தெருவுல நமக்கு வேலை இல்லைன்னு சூரியனே எறங்கி வந்து எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு."

செண்பகவல்லி இலைகளை மடித்தாள்.

"அப்ப நாளைக்கு ஒரு தடவை மட்டும் வரச் சொல்லுங்க. துணி ஆறு நாளாக் காயலை."