இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள்

வத்தலக்குண்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் சுடர்க்கொடி புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்து வந்தார். அவருக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் வந்து சேர்ந்த சீடர் அருளப்பனுக்கு ஐம்பத்தொன்று. இந்த வயதுக் கணக்கில் இருவருக்கும் சங்கடம் இல்லை. அருளப்பனின் மனைவிக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

அருளப்பன் இருபத்தெட்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் லைன்மேனாக இருந்தவர். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கம்பியைக் கழற்றிவிடுவார், அப்புறம்தான் யோசிப்பார். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த மாதம் அவருக்கு முதல் சொந்த வேலை வந்தது. ஊரில் ஓர் அறக்கட்டளை, மலைக் கிராமத்து முதியவர்களுக்கு இலவசக் கண் அறுவை முகாம் நடத்துகிறது. முந்தின நாள் மாலை, பெயர் பதிந்த ஒவ்வொருவரையும் கம்ப்யூட்டரே போனில் கூப்பிட வேண்டும். எத்தனை மணிக்கு வருவது, என்ன சாப்பிடக் கூடாது என்றெல்லாம் பதிவு செய்த குரலில் சொல்ல வேண்டும். மறுபடி கேட்க விரும்புகிறவர் போனில் மூன்றை அழுத்தலாம். எத்தனை பேர் என்று புரோகிராம் எழுதும்போது தெரியாது. பெயர் வர வர, ஒரு பெயருக்கு ஒரு டாஸ்க், அதாவது தனியாக ஓடும் ஒரு குட்டி வேலை, பிறக்கும். அது அந்த ஒருவரோடு மட்டும் பேசும். இப்படிப் பல டாஸ்க்குகள் ஒரே நேரத்தில் ஓடும்.

திடீரென்று முகாம் தள்ளிப்போனால் எல்லா அழைப்பையும் நிறுத்த ஒரு பொத்தானும் கேட்டிருந்தார்கள்.

முகாமுக்கு முந்தின நாள் மதியம் ஒத்திகை. மாடியில் இருந்த ஆறு பேருடைய போன்களும் ஒலித்தன. அருளப்பன் பொத்தானை அழுத்தினார். அவருடைய புரோகிராம் நின்றது. போன்கள் பேசிக்கொண்டே இருந்தன.

"பெத்தவன் போய்ச் சேர்ந்துட்டான், பிள்ளைங்க ஊர் சுத்துதுங்க," என்றார் பக்கத்து மேசை ஜெயசீலி.

அருளப்பனுக்கு ரோசம் வந்துவிட்டது. பிறக்கும் ஒவ்வொரு டாஸ்க்கின் எண்ணையும் குறித்து வைத்து, பொத்தானை அழுத்தியதும் அத்தனையையும் ஒரே வெட்டாக வெட்டும்படி மாற்றினார். மறுபடி ஒத்திகை.

"நாளை காலை நீங்கள் வெறும் வயிற்றில்" என்றது ஜெயசீலியின் போன். அதோடு செத்துவிட்டது.

ஜெயசீலி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெறும் வயித்துல நான் என்னண்ணே செய்யணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அருளப்பனும் சிரித்துவிட்டு, எழுந்து சுடர்க்கொடியின் மேசைக்குப் போனார்.

"டீச்சர், பொறக்க வைக்கத் தெரிஞ்சிருச்சு. நிறுத்தத்தான் தெரியல. விட்டா நிக்க மாட்டேங்குது. வெட்டினா பாதிப் பேச்சுல செத்துப்போகுது."

சுடர்க்கொடி திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "பானையில தண்ணி இல்லண்ணே. கேனைத் தூக்கி ஊத்துங்களேன்."

சீடராக இருப்பதில் இதுவும் ஒரு பகுதி என்று அருளப்பனுக்குத் தெரியும். இருபது லிட்டர் கேனைத் தூக்கிப் பானை வாயில் சாய்த்தார். தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

"நிறுத்துங்க," என்றார் பின்னால் வந்து நின்ற சுடர்க்கொடி.

அருளப்பன் கேனை மெல்ல நிமிர்த்தினார். சொட்டும் வரை பிடித்திருந்தார். கீழே இறக்கி வைத்தார். பிறகு திரும்பினார்.

"சொன்ன உடனே ஏன் கையை எடுக்கல?"

"எடுத்திருந்தா கேனும் பானையும் ஒண்ணாப் போயிருக்கும் டீச்சர். என் காலும்."

"அப்ப நான் சொன்னது கேட்கலையா?"

"கேட்டுச்சே. கேட்டதுனாலதான் நிமித்துனேன்."

"உங்க டாஸ்க்குக்குக் காது எங்க வச்சிருக்கீங்க?"

அருளப்பன் தன் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய டாஸ்க்குகளுக்குக் காதே இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் பேசிவிட்டுப் போகும். அவர் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஓர் இடம் வைத்தார். அங்கே வந்ததும் டாஸ்க் கேட்டுப் பார்க்கும், நிறுத்தச் சொன்னார்களா என்று. சொல்லியிருந்தால், முகாம் தள்ளிப்போன சேதியைச் சொல்லிவிட்டுத் தானே முடித்துக்கொள்ளும்.

"பொத்தானை அழுத்துனதும் நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார் சுடர்க்கொடி.

"மூடிட்டுக் கிளம்பிருவேன். அதான் நிறுத்தச் சொல்லியாச்சே."

"சொன்னது நீங்க. நின்னது யாரு யாருண்ணே?"

அருளப்பன் மறுபடி உட்கார்ந்தார். கடைசி டாஸ்க் முடியும் வரை, அவற்றைப் பிறப்பித்த தாய் புரோகிராம் காத்திருக்கும்படியும், எத்தனை பாக்கி என்று திரையில் காட்டும்படியும் எழுதினார். மூன்றாம் ஒத்திகையில் ஜெயசீலியின் போன் மரியாதையாகப் பேசி முடித்தது.

மாலை ஐந்து மணிக்கு நிஜ அழைப்புகள் கிளம்பின. பெயர் பதிந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு சமயத்தில் நாற்பது பேரோடு பேச லைன் இருந்தது.

ஐந்தே காலுக்கு அறக்கட்டளைக்காரர் கூப்பிட்டார். மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, நாளைக்கு பஸ் கிடையாது, முகாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போகிறது.

"உடனே நிறுத்துங்க சார். பஸ் வரலேன்னா இவங்க விடியக்காலையில நடந்தே இறங்கிருவாங்க. பாதிப் பேருக்குக் கண்ணு தெரியாது."

அருளப்பன் பொத்தானை அழுத்தினார்.

திரையில் நாற்பது என்று இருந்தது. முப்பத்தொன்பது ஆயிற்று. முப்பத்திரண்டு ஆயிற்று. ஒவ்வொரு டாஸ்க்கும் எடுத்த வாக்கியத்தை முடித்து, புதுச் சேதியைச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. பதினொன்று. நான்கு. அருளப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஜெயசீலியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

ஒன்று என்று வந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை.

பேசி முடித்தவர்களும் இன்னும் பேசாதவர்களுமாக நூற்று எழுபத்திரண்டு பேருக்குப் புதுச் சேதி போக வேண்டும். இந்த ஒன்றும் முடிந்தால்தான் அந்தச் சுற்றைத் தொடங்க முடியும். அருளப்பன் அந்த டாஸ்க்கைத் திறந்து பார்த்தார். பெ. கரியப்பன், வயது எழுபத்து நான்கு. முகாம் தள்ளிப்போனதைக் கேட்டுவிட்டு, மறுபடி கேட்க மூன்றை அழுத்தியிருந்தார். கேட்டார். திரும்பவும் மூன்று. திரும்பவும் மூன்று.

நான்காவது தடவை மூன்றை அழுத்தியதும் அருளப்பனால் பொறுக்க முடியவில்லை.

"டீச்சர், இந்த மனுசன் விட மாட்டேங்கிறார். சேதி போய்ச் சேர்ந்திருச்சு. இந்த ஒண்ணை மட்டும் வெட்டிரவா? அங்க நூத்தி எழுபத்திரண்டு பேர் பாக்கி நிக்கிறாங்க."

சுடர்க்கொடி ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அவங்க விடியக்காலையிலதான் கிளம்புவாங்க. இப்ப மணி அஞ்சரை."

"இவர் இப்படியே அழுத்திக்கிட்டே இருந்தா?"

திரையில் இன்னொரு மூன்று விழுந்தது.

"கூப்பிட்டது நாமதானே அண்ணே. அவரே போனை வைக்கட்டும்."