ஐயாறனார் காத்த மூச்சு

நாற்பத்தொரு நாட்களாக ஐயாறனார் தம் வீட்டில் ஒரு சொல்லும் பேசவில்லை.

கடலோரக் கழியை ஒட்டிய கண்டற்கழி என்னும் ஊரில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு செய்வது அவர் தொழில். கையும் காலும் வெடித்துப்போகும் தொழில். ஊரார் வீடுகளுக்கெல்லாம் பூசிய வெள்ளை அவர் சூளையில் வெந்தது; அவர் குடிசைக்குப் பூச மட்டும் என்றும் மிஞ்சியதில்லை. விடியலிலும் அந்தியிலும் நீராடி, நெற்றி நிறையத் திருநீறு அணிந்து, கண்டலீசர் சந்நிதிக்கு வெளியே நின்று சங்கு ஊதுவார். முன்னோர் வழியாக வந்த தொண்டு அது. கூலி கிடையாது. ஒரு பட்டைச் சோறு உண்டு. அதையும் மகளுக்கென்று துணியில் கட்டி எடுத்துப்போவார்.

அந்தத் தொண்டுக்குள்தான் ஆசை முளைத்தது. மார்கழித் திருவாதிரையன்று, திரை போட்டது முதல் அது விலகும்வரை சங்கொலி அறுபடக் கூடாது என்பது அக்கோயில் வழக்கம். அதற்காக இருவர் நிற்பார்கள். ஒருவர் மூச்சு முடியும் இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்வார். ஐயாறனாரோடு ஊதியவர் அவருடைய பங்காளி நாகனார். ஓராண்டு விழாவுக்கு வந்த வெளியூரார் ஒருவர் போகிறபோக்கில், "அந்த நெட்டையா நின்னவரு மூச்சு இருக்கே, அதுதான்யா மூச்சு. கூட நின்னவரு சும்மா ஒப்புக்கு ஊதுறாரு" என்றார்.

நெட்டையானவர் ஐயாறனார்தான். அந்தப் பேச்சு காதில் விழுந்த பிறகு ஐயாறனாருக்குச் சரியான தூக்கம் இல்லை. அடுத்த திருவாதிரைக்குத் தாம் ஒருவரே, ஒரே மூச்சில் திரை விலகும்வரை ஊதப்போவதாகச் சொன்னார். நாகனார் சிரித்துவிட்டார்.

"ஏண்ணே, நீ சாமிக்கு ஊதப்போறியா, ஊருக்கு ஊதப்போறியா?"

"உனக்கு வயித்தெரிச்சல்டா" என்றார் ஐயாறனார்.

விழாவுக்கு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், இருக்கும்போது நோன்பு தொடங்கினார். மூச்சு வீணாகும் என்று பேச்சை விட்டார். சூளையை மனைவி உமைநங்கையாரிடம் விட்டார். பகலெல்லாம் கழியில் கழுத்தளவு நீரில் நின்று, மூச்சைப் பிடித்து எண்ணிக்கொண்டிருப்பார். இறைவன் திருநாமத்தைச் சொல்லித்தான் நீரில் இறங்கினார். இதுவும் பக்தியே என்றுதான் நம்பினார்.

நாற்பத்தோராம் நாள் அவருடைய ஐந்து வயது மகள் வெள்ளச்சி கரைக்கு வந்தாள். இடது கண்ணைக் கையால் பொத்தியிருந்தாள். சூளைப் பக்கம் காற்று சுழற்றி அடித்ததில் சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்திருந்தது.

"அப்பா, கண்ணு எரியுது. ஊதி விடுப்பா."

அதுவரை எட்டாத எண்ணிக்கையை அன்று அவர் எட்டியிருந்தார். வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும். அம்மாவிடம் போ என்று கையை மட்டும் நீட்டிச் சூளைப் பக்கம் காட்டினார். அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். அவர் மறுபடியும் கையைக் காட்டினார். கண்டல் மரங்களுக்கு நடுவே குழந்தை ஒற்றைக் கண்ணால் வழி பார்த்து நடந்து போனாள். சூளை தொலைவில் இருந்தது. ஐயாறனார் எண்ணிக்கையை விடவில்லை.

மாலையில் மகிழ்ச்சியோடு வீடு திரும்பியபோது, உமைநங்கையார் குழந்தையை மடியில் கிடத்திக் குடம் குடமாகக் கண்ணில் நீர் விட்டுக்கொண்டிருந்தார். குழந்தை என்ன சொல்லியிருந்தாள் என்பது ஐயாறனாருக்குத் தெரியாது. மனைவியார் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் குடத்தைச் சாய்த்தார்.

சில நாட்களில் அந்தக் கண் வெளுத்து, பார்வை போயிற்று.

ஊர் சும்மா இருக்குமா? உப்பளத்து மருதி தண்ணீர்த் துறையில் வைத்தே கேட்டாள். "ஏன்டி நங்கை, சூளை எரியுதான்னு பாத்தவளுக்குப் புள்ள கண்ணு எரியுறது தெரியலியா? பெத்தவதானா நீ?" உமைநங்கையார் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். பின்னால் வந்த ஐயாறனார் அதைக் கேட்டார். அவருக்கு நோன்பு இன்னும் முடியவில்லை. பேசாமல் இருக்க அது ஒரு சாக்காக இருந்தது.

திருவாதிரை வந்தது. திரை விலகும்வரை சங்கொலி அறுபடவே இல்லை. கூட்டம் கைகூப்பி ஆரவாரித்தது. அர்ச்சகர் ஈசான பட்டர் சுவாமிக்குச் சாத்திய பரிவட்டத்தை எடுத்து அவர் தலையில் கட்டினார். அந்தத் தலையோடு அவர் வீட்டுக்கு வந்தபோது வெள்ளச்சி வாசலில் உட்கார்ந்திருந்தாள். காலடி கேட்டுத் தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் பார்த்தாள்.

"அப்பா, இனிமே பேசுவியா?"

ஐயாறனாருக்கு நோன்பு முடிந்துவிட்டது. பரிவட்டத்தை அவிழ்த்துக் கூரையில் செருகினார். அதன் பிறகு அதை அவர் தொடவே இல்லை.

மறுநாள் பட்டரிடம் போய், இனி நாகனோடு சேர்ந்தே ஊதுவதாகவும், அந்தி முறை மட்டும் தமக்குப் போதும் என்றும் சொன்னார். ஊரார் சிரித்தார்கள். "ஒரே மூச்சுல எல்லாம் தீந்துபோச்சு போல!" என்றார்கள். அவர் சூளைக்குத் திரும்பினார். காற்று வரும் திசையில் மண்சுவர் எழுப்பினார். மனைவியைச் சூளை வாய்க்கு விடாமல் தாமே கிளிஞ்சலை அள்ளிப் போட்டார். பகல் சோற்றை மூவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். சங்குக்குள் கடல் இரைவது எப்படி என்று வெள்ளச்சி கேட்டால், தெரிந்ததைச் சொன்னார். தெரியாததற்குத் தெரியாது என்றார். உமைநங்கையார் சில நாட்கள் சிரிக்கவும் செய்தார். அந்தியில் கோயில், மற்ற நேரம் வேலையும் வீடும் என்று அவர் வாழ்வு ஒரு நிதானத்துக்கு வந்தது. நல்ல வாழ்வுதான். அவரால் அதை நிம்மதியாக வாழ முடியவில்லை. அவருக்குத் தெரிந்த காரணம் ஊருக்குத் தெரியாது.

மெல்ல மெல்ல ஊர்ப்பேச்சு மாறியது. அதே துறையில் அதே மருதி சொன்னாள்: "மனுசன் தங்கம்டி. பொஞ்சாதி கெடுத்த கண்ணுக்காகப் பேரு புகழையே உதறிட்டு வந்து வெந்து சாகுறாரு. நீ கும்பிடணும் அவரை."

உமைநங்கையார் அன்றும் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அந்தப் பேச்சு காதுக்கு வந்ததும் ஐயாறனார் கூசிப்போனார். ஊதியபோது கிடைத்த புகழைவிட, விட்டுவிட்டதற்குக் கிடைத்த புகழ் பெரிதாக இருந்தது. இதையும் அவர்தான் வாங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அந்தியிலும் சந்நிதியில் நின்று, இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பார். பிறகு சங்கை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். ஓராண்டு அப்படியே போயிற்று.

மறு திருவாதிரையன்று காலையில் பட்டர் மூச்சிரைக்கச் சூளைக்கு ஓடிவந்தார்.

"ஐயாறா! சுவாமி சொப்பனத்துல வந்தாரப்பா. 'அவன் ஊதுனதை நிறையக் கேட்டாயிற்று. அவன் வாய் திறந்து எனக்கு ஒண்ணு சொல்லணும். அதைக் கேட்கத்தான் காத்துண்டிருக்கேன். கேட்ட பிறகு திரையை விலக்கு'ன்னார். ஏனப்பா, உனக்குப் பாட்டு கட்டத் தெரியுமா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே!"

ஐயாறனாரின் கைக்கூடை நழுவிக் கிளிஞ்சல் சிதறியது.

சங்கூதிக்குள் ஒரு பதிகம் இருக்கிறதாம் என்று பொழுது ஏறுவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சந்நிதி நிரம்பிவிட்டது. நாகனார் சங்கைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். பெண்கள் வரிசையின் கடைசியில் உமைநங்கையார் மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார். முன்னால் நின்ற மருதி, "இப்படி ஒரு புருசனுக்கு..." என்று தொடங்கிப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ முணுமுணுத்தாள். திரை மூடியிருந்தது. அதற்குப் பின்னால் விளக்கு அசைவது தெரிந்தது.

"பாடப்பா" என்றார் பட்டர்.

ஐயாறனார் சந்நிதிக்கு முன் விழுந்து எழுந்தார். அடியார்கள் பாடிய பாடல்களைக் கேட்டு இறைவன் மகிழ்ந்த தலங்கள் பல உண்டு. ஒரு சுண்ணாம்புக்காரர் தம் வெட்கத்தைச் சொல்லி முடிக்கும்வரை திரைக்குப் பின்னால் பொறுத்திருந்தவர் கண்டற்கழி ஈசர். அப்படிப் பொறுத்திருக்கத் தக்கவராக ஐயாறனாரை அவர் எண்ணினார். அந்த எளிய தொண்டருக்கு இதைவிடப் பெரிய பேறு வேறு இல்லை.

அவர் திரையைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாட்டு இல்லீங்க. நங்கை மேல ஒரு குத்தமும் இல்ல. புள்ள முதல்ல என்கிட்டதான் வந்துச்சு. எரியுது, ஊதி விடுப்பான்னு ரெண்டு தரம் கேட்டுச்சு. கழுத்து முட்டத் தண்ணியிலதான் நின்னேன், ஒரு கை அள்ளித் தெளிச்சிருந்தாக்கூடப் போதும். மூச்சு போயிடுமேன்னு... நான் ஊதல."